பைரவர் விளக்கும் ஜவுளிக் கடை விளக்கும்

சேலத்தில் ஏறிய பஸ் தொப்பூர்க் கணவாயைக் கடந்து தர்மபுரி சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நம்முடன் வந்தவர்கள் நமது மனைவியும் மாமியாரும். தேய்பிறை அஷ்டமியாகையால் அதியமான்கோட்டைக் காலபைரவரைத் தரிசிப்பது ஒரு காரியம். நம் பெண்ணின் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுப்பது மற்றொன்று. தர்மபுரி பட்டுக்கூடு விளையும் சீமை. கூடுகளை ஏலம் விடும் அரசாங்க அங்காடியும் இங்கே உண்டு. கூடு மலிந்த ஊரில் புடவையும் மலிவாய்க் கிடைக்கும் என்பது மாமியாரின் தர்க்கம். அதைப்பற்றி அபிப்பிராயம் சொல்ல நமக்குத் தைரியம் இல்லை.

கடைக்குள் கால் வைத்ததும் பொன் மாளிகையில் நுழைந்தாற்போல் இருந்தது. சுவரும், அலமாரியும், சிப்பந்திகளின் முகமும் எல்லாமே மஞ்சள். விரிப்புக்கு மேலே நாலு குவிவிளக்குகள் சரிகையைக் குறி பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் கீழ் எந்தச் சரிகைதான் மின்னாது? அரக்குச் சிவப்பில் ஒரு புடவையை விரித்தார்கள். நம் மனைவிக்கு மறு பேச்சில்லை.

"வாசலில் வைத்துப் பார்த்தால் தேவலை, தம்பி" என்றார் மாமியார்.

"வெளியே இருட்டிப் போச்சுங்களே, பாட்டி! இந்த லைட்டே போதுங்க" என்றான் பையன்.

வாஸ்தவந்தான் என்று நாமும் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தைக் கட்டினோம்.

அதியமான்கோட்டை அங்கிருந்து தெற்கே நாலைந்து மைல். சாலையில் விளக்குக் கம்பங்களைப் பார்த்தபோது ஒரு வேடிக்கை நினைவு வந்தது. காவேரி 1902-ல் சிவசமுத்திரத்தில் யந்திரத்தைச் சுழற்றிக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுத்தாள்; 1937 முதல் மேட்டூரிலும் உழைக்கிறாள். நடுவே இந்த ஜில்லாவின் ஒகேனக்கல்லில் மட்டும் மின்சார வேலை எதுவும் செய்யாமல் பாறைகளில் குதித்து விளையாடிவிட்டுப் போகிறாள்!

கோயிலில் ஜனத்திரள் சொல்லி முடியாது. சாம்பல் பூசணிக்காயை இரண்டாய் அரிந்து, உள்ளே குடைந்து, எண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றுகிறார்கள். கையில் ஏந்திய அந்த விளக்கின் ஒளி கீழிருந்து எழும்பி முகத்தில் மட்டும் படிகிறது. பக்கத்தில் நிற்பவரின் கண்ணும் உதடும் தெரிகின்றன, அதற்கப்பால் இருள். அத்தனை கூட்டத்திலும் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. நம் மாமியார் கல்யாணப் பெண்ணின் பெயரை முணுமுணுத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் அவ்வளவு கவலை இருந்ததை நாம் அன்றுதான் கண்டோம். வெளியே வந்தால், உயர்ந்த கம்பத்திலிருந்து வெள்ளை வெளிச்சம் தலையில் கொட்டுகிறது. அதே ஜனங்கள் அங்கே செருப்பைத் தேடிக்கொண்டு கூச்சலிடுகிறார்கள், ஆட்டோவுக்கு முண்டியடிக்கிறார்கள்.

மறுநாள் காலை விடுதி ஜன்னலருகே புடவையைப் பிரித்தோம். அரக்குச் சிவப்பு எங்கே? கத்தரிப்பூ நிறம்!

கடைக்காரர் புடவையை மாற்றிவிடவில்லை, விளக்குத்தான் மாற்றியிருக்கிறது. ஒளியின் சாயலைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். எண்ணெய் விளக்கு ஏறக்குறைய 1,900. பழைய இழை பல்பு 2,700. உச்சிப் பகல் 5,500. எண் குறையக் குறைய ஒளியில் நீலம் குறையும். விளக்கு கொடுக்காத நீலத்தைத் துணி எப்படித் திருப்பிக் கொடுக்கும்? ஆகவே பட்டிலிருந்த நீலம் இரவெல்லாம் ஒளிந்திருந்து சூரியனைக் கண்டதும் வெளிப்பட்டது. நம் கண்ணும் இதற்கு உடந்தை: சற்று நேரத்தில் மஞ்சளுக்குப் பழகி, அதையே வெண்மையென்று நம்பிவிடுகிறது. பைரவர் சந்நிதியில் இருந்ததும் மஞ்சள் ஒளிதானே என்று கேட்கலாம். அங்கே நாம் முகம் பார்க்கப் போனோம், நிறம் பார்க்கவில்லை. பட்டை விரிக்கும் இடத்திலாவது பகலின் சாயலில் ஒரு விளக்கு வைத்தால் கடையின் அழகு குறைந்தா போய்விடும்?

பத்து மணிக்கு மறுபடி அதே கடை. மாற்றித் தரச் சம்மதித்தார்கள். மாமியார் உள்ளே வர மறுத்துவிட்டார். வெயில் விழுந்த வாசற்படியில் அமர்ந்து, "ஒவ்வொன்றாய்க் கொண்டு வா, தம்பி" என்றார். பையன் நடையாய் நடந்தான். பதினொரு மணிக்குள் அந்தப் படியில் இன்னும் மூன்று குடும்பத்தார் உட்கார்ந்திருந்தார்கள்.