மிச்சக் காசைக் காட்டும் வாயில்



சிங்கப்பூரில் அரசு ஒரு முடிவை அறிவித்து இரண்டு வாரத்துக்குள் பின்வாங்குவது அபூர்வம். 2024 ஜனவரியில் அது நடந்தது. பேருந்து, ரயில் பயணத்துக்கான ஈசி லிங்க் அட்டையின் பழைய முறையை நிறுத்தி, சிம்பிளிகோ என்ற முறைக்குப் பயணிகளை மாற்றப் போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் சொன்னது. புதிய முறையில் அட்டையைத் தட்டினால் கட்டணம் கழியும். மிச்சம் எவ்வளவு என்பது அப்போது வாயிலில் தெரியவில்லை. கைப்பேசிச் செயலி போன்றவற்றில்தான் பார்க்க வேண்டியிருந்தது. மக்கள் கொதித்தார்கள். கூடுதலாக 4 கோடி வெள்ளி செலவிட்டுப் பழைய முறையையும் தொடர அரசு இசைந்தது.

மக்களின் அந்தக் கொதிப்பை வீண் பிடிவாதம் என்றவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்குள்ள தேக்கா சந்தையில் எண்ணி எண்ணிச் செலவழித்துப் பழகிய பாட்டிக்கு, தன் காரியம் இன்னும் தன் கையில்தான் இருக்கிறது என்பதற்கு வாயிலில் தெரியும் மிச்சத் தொகையே சாட்சி. வங்கிக் கணக்கு, மருத்துவ முன்பதிவு, அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டு என்று ஒவ்வொன்றாகத் திரைக்குள் போகப் போக, எதற்கும் மகனையோ பேத்தியையோ கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூசி, வெளியே போவதையே குறைத்துக்கொண்டவர்கள் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள். மருத்துவர் மனச்சோர்வு என்று பெயர் வைப்பதற்கு வெகுமுன்பே அந்தச் சோர்வு தொடங்கிவிடுகிறது.

அதற்காகப் போனே முதுமைக்குக் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். பெஞ்ச், ஸ்கலின் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 57 ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் வெளியிட்டார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள். மின்னிலக்கக் கருவிகளோடு புழங்கும் மூத்தோரிடம் அறிவுத்திறன் குறைபாடு குறைவாகவே இருந்தது. கருவிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. தெளிவோடு இருப்பவர்களே அதை அதிகம் தொடுகிறார்களோ என்னவோ. ஆனால் கருவி மூளையை மழுங்கடிக்கும் என்று அஞ்சியதற்கு அங்கே ஆதாரமில்லை.

அந்தக் கருவியைக் கற்றுத்தரத்தான் 2020-இல் இங்கே, சிங்கப்பூரில், மூத்தோருக்கென ஒரு மின்னிலக்கத் திட்டம் தொடங்கினார்கள். சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள். திரையைத் தொடுவது முதியவரின் விரல். வீட்டிலோ, "கொடுங்க, நான் பண்ணித் தர்றேன்" என்று பிடுங்கி நாமே முடித்துவிடுகிறோம். அவர்கள் கூனிக் குறுகுவது நம் கண்ணில் படுவதேயில்லை.

நண்பரே, உங்கள் அப்பா நவம்பரில் ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்றிதழ் தர வேண்டுமே! இந்திய அரசின் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். இந்த முறை போன் அவர் கையிலேயே இருக்கட்டும். ஓரிரு தடவை பதியாமல் போனால் நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் போடுங்கள். முடிந்ததும் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள், அதையும் அவரே அழுத்தி.