திங்கட்கிழமைக்குள் முடிவு

“ட்ரீம்11 மாதிரிதானே மாமா?” என்றான் அக்கா மகன். கேள்வியில் தப்பில்லை, கேட்ட தொனிதான் சுருக்கென்றது. ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பதினோரு பேரைத் தட்டிவிட்டுத் தூங்கப் போவதும், மார்ச்சில் ஏலம் எடுத்த அணியைச் செப்டம்பர் கடைசிவரை கட்டி மேய்ப்பதும் ஒன்றா?

ஃபேன்டஸி பேஸ்பாலில் எல்லோரும் ஏலத்தைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கேட்டால், ஜூலையில் ஒரு வாரத்தைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். அதற்குள் பாதிப்பேருக்கு ஆர்வம் வடிந்திருக்கும். காயப் பட்டியலுக்குப் போன ஷார்ட்ஸ்டாப் அவர்கள் அணியில் அப்படியே கிடப்பார்.

ஞாயிறு இரவு மாற்று வீரர்களுக்கு மூடிய ஏலம். ஏதோ ஒரு அணியின் க்ளோசர், அதாவது கடைசியில் வந்து வெற்றியைக் காத்து ‘சேவ்’ வாங்கும் பிட்சர், முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறியிருப்பார். அடுத்த க்ளோசர் யார் என்று அந்த அணியின் மேனேஜர் வாயைத் திறக்கமாட்டார். சேவ் வேண்டுமென்றால் ஊகித்துத்தான் பணம் கட்ட வேண்டும். இதெல்லாம் பழகிவிடும்.

பழகாத ஒன்று உண்டு: வாரத்தில் இரண்டு முறை வீசும் பிட்சர். ஐந்து பேர் முறைவைத்து வீசுவதால், திங்களோ செவ்வாயோ வீசியவருக்குச் சனியோ ஞாயிறோ மறுபடி முறை வரும். ஸ்ட்ரைக் அவுட் இரட்டிப்பு, வெற்றிக்கும் இரண்டு வாய்ப்பு. ஆனால் செவ்வாய் சியாட்டிலில், ஞாயிறு டென்வரில் என்றால்? சியாட்டில் மைதானம் பிட்சருக்குத் தாய்வீடு. டென்வரின் கூர்ஸ் ஃபீல்டோ கடல்மட்டத்திலிருந்து 5,200 அடி உயரம். 2002-லிருந்து பந்துகளை ஈரப்பத அறையில் வைத்துத்தான் எடுக்கிறார்கள். அப்படியும் அங்கே ரன் கொட்டுகிறது. ஒன்றை எடுத்து மற்றதை விட முடியாது. திங்கட்கிழமை அணி பூட்டப்பட்டால் வாரம் முழுக்க அதுதான்.

இந்த இடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் லீக்கின் முதல் கமிஷனர், ஓய்வுபெற்ற தபால்காரர். கம்ப்யூட்டர் வராத நாளில் செய்தித்தாளைப் பார்த்து லீக் முழுவதற்கும் கையாலேயே கூட்டிப் போட்டவர். முசுடு. அவர் சொன்ன கணக்கு இது: ஜூலையில் உன் அணி 700 இன்னிங்ஸ் வீசி, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தரும் ரன்; குறைந்தால் நல்லது) 3.80 என்று வை. ஒருவன் ஆறு இன்னிங்ஸ் ரன்னே தராமல் வீசினால் அது 3.77 ஆகும். மூன்று இன்னிங்ஸில் ஏழு ரன் வாங்கினால் 3.87. ஏறுவது மூன்று படி, சறுக்குவது ஏழு படி. ஆகவே “இவன் நல்ல பிட்சரா?” என்று அவரிடம் போய்க் கேட்டால் எரிந்து விழுவார். ஸ்ட்ரைக் அவுட்டில் உனக்கு மேலே இருப்பவன் எட்டும் தூரத்தில் இருக்கிறானா, ஈ.ஆர்.ஏ.யில் கீழே இருப்பவன் எவ்வளவு நெருங்கிவிட்டான்: அவருக்கு இவை இரண்டும்தான் கேள்வி. பிறகு வானிலை அறிக்கை. செவ்வாய் ஆட்டம் மழையில் போனால் ஞாயிறு முறை அடுத்த வாரத்துக்கு நழுவிவிடுமே. ஆல்-ஸ்டார் இடைவேளைக்குப் பின் ஒவ்வொரு அணியும் முறையையே மாற்றி அடுக்கும். அந்த வாரம் அவரிடம் யாரும் பேச்சுக்கொடுக்கமாட்டோம்.

1980-ல் டேனியல் ஓக்ரென்டும் நண்பர்களும் இந்த விளையாட்டை ஆடத் தொடங்கியபோது புள்ளிக்கு எட்டே பிரிவுகள். விப் (ஒரு இன்னிங்ஸுக்கு ஹிட்டாலும் வாக்காலும் எத்தனை பேரை பேஸுக்கு விட்டார்) என்ற அளவையே ஆக்கியவர் அவர்தான். பிறகு பிரிவுகள் பத்தாயின. மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023-ல் பேஸைப் பெரிதாக்கியதும் லீக் மொத்தத்தில் ஸ்டீல் (பேஸ் திருட்டு) 2,486-லிருந்து 3,503-க்குத் தாவியது. அதற்கேற்ப நானும் ஏலத்தில் வேகக்காரர்களுக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்துக்கொண்டேன்.

ஆனால் இளைஞர்கள் கேட்பது வேறு. ஆப் போடும் கணிப்பை நம்பி ஒரு பொத்தானை அமுக்கினால் அணி தானே அமைந்துவிடுகிறது. அது போதாதென்று, தினமும் மாற்றிக்கொள்ளும் விதி வேண்டும் என்கிறார்கள். அப்படி வந்தால் செவ்வாய் சியாட்டிலை வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை டென்வரைக் கழற்றிவிடலாம். பிறகு யோசிக்க என்ன மிச்சம்? இருந்தும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. எதிர்த்தவர்கள் நானும் கமிஷனரும்தான்.

அடுத்த சீசனிலிருந்துதான் அமல். இந்த வாரம் பழைய விதி. அந்தப் பிட்சரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேன்; ஸ்ட்ரைக் அவுட்டில் இனி எனக்கு ஏற இடமில்லை.