மால்சேஜ் மலையில் நான்கு நாள்

சங்கத்து நண்பர்கள் சிலர், "நீங்கள் சைக்கிளில் மலை ஏறியதைப் பற்றி நம் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதலாகாதா?" என்று பன்முறை கேட்டனர். இத்தனை நாள் தயங்கினேன். அந்தப் பிரயாணத்தில் பெருமைப்படத் தக்கது சிறிது உண்டு. வெட்கப்படத் தக்கது ஒன்றும் உண்டு. பின்னதை மறைத்து முன்னதை மட்டும் எழுதுவது முறையன்று. ஆதலின் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் நால்வர், தாராவியில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இன்று ஒருவர் மாட்டுங்காவில் இருக்கிறார். நானும் இன்னொருவரும் செம்பூருக்குக் குடிபெயர்ந்து விட்டோம். நான்காமவர் இன்னும் தாராவியிலேயே வசிக்கிறார். அலுவலக நண்பர் ஒருவர் ஸ்காட்லாந்து மலைகளில் மழையில் நனைந்தவாறே பல நாள் சைக்கிளில் சென்று வந்த படங்களை எனக்குக் காட்டினார். கூடாரமும் போர்வையும் அடுப்பும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, கரட்டு வழிகளில் செல்வது அங்கே ஒரு வழக்கம். அத்தகையோர் 1955 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒரு சங்கம் அமைத்திருந்தனராம். படங்களைக் கண்டதும் எனக்கு ஆசை பிறந்தது. மழைக்கும் மலைக்கும் நாம் ஸ்காட்லாந்து செல்ல வேண்டுமா? நம் நகரத்தின் பின்புறத்திலேயே சகியாத்திரி நிற்கிறதே!

நம் நகரத்துக்குச் சைக்கிள் பிரயாணம் புதிதும் அன்று. 1923 அக்டோபரில் ஆறு பார்சி இளைஞர்கள் பம்பாயிலிருந்து சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் அதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்னும் மூவர் சுமார் 71,000 கிலோமீட்டர் கடந்து 1928 இல் ஊர் திரும்பினர். அவர்கள் சென்றது பாலைவனமும் பனிமலையும். நாங்கள் எண்ணியதோ நான்கு நாள். கல்யாண், முர்பாட் வழியாக மால்சேஜ் கணவாய் ஏறி, ஜுன்னரில் தங்கி, நானேகாட் கண்டு திரும்புவது என்று முடிவு செய்தோம்.

இங்கே என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து இளமையில் தாராவிக்கு வந்தவர் அவர். முப்பது ஆண்டுகள் சைக்கிளில் இட்லி விற்றார். விடியற்காலை ஐந்து மணிக்கு இட்லிப் பாத்திரமும் சாம்பார்த் தூக்கும் சட்னி வாளியும் கட்டிக்கொண்டு, ஊதுகுழலை அமுக்கியபடி சயான், மாட்டுங்காத் தெருக்களில் செல்வார். அந்த 'பாம், பாம்' ஓசையில்தான் நாங்கள் படித்தோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரமே மூழ்கிய செய்தியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மறுநாள் காலையிலும் அவர் முழங்காலளவு நீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். "பசிச்சவனுக்கு மழையாவது வெயிலாவது" என்பது அவர் சொல். முழங்கால் வலி மிகுந்த பிறகே தொழிலை விட்டார்.

புறப்படுவதற்கு முந்திய இரவு நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அவர் அருகில் வந்து நின்று பார்த்தார்.

"ஏலே, கனத்தை மேல வைக்காத. சட்டியும் அடுப்பும் கீழ, சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் சரிபாதியா இருக்கணும். கட்டி முடிச்சதும் வண்டியைப் புடிச்சு உலுக்கிப் பாரு. மூட்டையும் வண்டியும் சேந்து ஆடணும். மூட்டை தனியா ஆடுச்சுன்னா அவுத்துக் கட்டு."

"இது வேற மாதிரி வண்டிப்பா. உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சைக்கிளின் விலையை அவரிடம் பாதியாகக் குறைத்தே கூறியிருந்தேன். அந்தக் குற்ற உணர்வுதான் கோபமாக வெளிப்பட்டதோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆடி மாதத்து முதல் வாரத்தில், இருள் பிரியுமுன் புறப்பட்டோம். தாணே கடந்து கல்யாண் சேரும்வரை லாரிகளின் நெரிசல். உல்லாஸ் ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தோம். செந்நீர் கரை தொட்டு ஓடியது. முர்பாட்டுக்கு அப்பால் சாலையின் இருமருங்கும் நெல் வயல்கள். பெண்கள் தலையில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி நாற்று நட்டுக்கொண்டிருந்தனர். அன்று சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டி டோகாவடே அருகே ஒரு விவசாயியின் வீட்டுத் திண்ணையில் தங்கினோம். கூடாரம் கட்ட அவர் விடவில்லை. வீட்டிலிருந்த மூதாட்டி சுடச்சுட பாக்ரியும் பிட்லாவும் தந்தார். பெற்ற பிள்ளைகளுக்குப் பரிமாறுவது போல, போதும் போதும் என்றாலும் இன்னொன்று வைத்தார்.

மறுநாள் மலை. அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று இம்மலைச் சுவரில் மோதி மேலெழுகிறது. எழுந்து குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. ஆகவேதான் மேற்குச் சரிவு காடாக இருக்க, கிழக்கே சிறிது தொலைவு சென்றால் மானாவாரி நிலமாக இருக்கிறது. தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் ஒரே மலைத்தொடர் இது. நம் குற்றாலத்துச் சாரலும் மால்சேஜ் மழையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம்.

ஏற்றத்தில் அருவிகள் பாறையிலிருந்து நேரே சாலைமீது விழுந்தன. மேகம் வந்து மூடினால் பத்தடிக்கு முன்னே யார் செல்கிறார் என்று தெரியவில்லை. எல்லோருக்கும் முன்னால் செல்ல வேண்டும் என்ற வீம்பு எனக்கு. கூடாரத்தையும் அடுப்பையும் பாத்திரத்தையும் பின்னிருக்கைக்கு மேலே கோபுரம்போல் கட்டியிருந்தேன். ஒவ்வொரு மிதிக்கும் அது இடமும் வலமும் ஆடிற்று. "உன் மூட்டை ஆடுதுல, நிறுத்திக் கட்டு" என்று பின்னால் வந்த தாராவி நண்பர் இருமுறை கூவினார். உச்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் நிற்கவில்லை.

ஒரு வளைவில் பள்ளத்தாக்கிலிருந்து காற்று திடீரென்று அறைந்தது. மூட்டை ஒரு புறம் சாய, வண்டி என் பிடியிலிருந்து விலகிச் சாலையின் குறுக்கே திரும்பிற்று. நண்பர் பிரேக்கைப் பிடித்தார். அவருடையது சக்கர வளையத்தை ரப்பர்க் கட்டை பற்றும் பழைய வகை. மழையில் வளையத்து நீரை முதலில் துடைத்த பிறகே அது பிடிக்கும். அந்த ஒரு நொடி போதவில்லை. என் சைக்கிளில் மோதிச் சாலையின் நடுவே விழுந்தார். மேலிருந்து ஒரு லாரி இறங்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் எப்படி நிறுத்தினாரோ, நானறியேன். நண்பரின் தலைக்கும் லாரியின் சக்கரத்துக்கும் இடையே இரண்டு முழ தூரம் இருந்தது. அதை நான் நின்று பார்த்தேன். இன்றும் இரவில் சில வேளை பார்க்கிறேன்.

அவருடைய மணிக்கட்டு வீங்கிவிட்டது. கல்யாணில் காய்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய டெம்போ ஒன்று, அவரையும் துணைக்கு மாட்டுங்கா நண்பரையும் சைக்கிள்களோடு ஏற்றிக்கொண்டு ஜுன்னர் சென்றது. ஓட்டுநர் காசு வாங்க மறுத்தார். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று மருத்துவர் கட்டுப் போட்டார் என்பதை மாலையில் ஜுன்னர் சேர்ந்த பிறகே அறிந்தேன். அதுவரை எஞ்சிய வழி முழுவதும் நானும் செம்பூர் நண்பரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

மூன்றாம் நாள் சைக்கிள்களை விடுதியில் விட்டு, நால்வரும் ஜீப்பில் நானேகாட் சென்றோம். கொங்கணத்துத் துறைமுகங்களிலிருந்து ஜுன்னருக்கும் பைத்தானுக்கும் சரக்கு ஏறிய பழைய கணவாய் அது. அங்குள்ள குகையில் சாதவாகன அரசி நாகனிகையின் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டினது என்பது பலர் கருத்து. வேள்விகளுக்கு அளித்த பசுக்களும் குதிரைகளும் காசுகளும் எண்ணிக்கையோடு அதில் பொறிக்கப்பட்டுள்ளன. கணவாயின் தலையில் ஒரு பெரிய கற்சாடி நிற்கிறது. சுங்கக் காசு போட்ட சாடி என்பர். பள்ளத்திலிருந்து எழும் காற்று அருவி நீரை விழவிடாமல் மேலேயே திருப்பி எறியும் காட்சியும் அங்கே உண்டு. இளைஞர் பலர் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தனர்.

நானோ கணவாயின் கற்படிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்த அரசியின் கணக்குக் கல்லில் இருக்கிறது. இந்தப் படிகளில் எருதின் முதுகிலும் தம் தோளிலும் பொதி ஏற்றிச் சென்றவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களும் மூட்டையை உலுக்கிப் பார்த்துத்தானே கட்டியிருப்பார்கள்? மழையில் அந்த வித்தை தெரியாதவன் இந்த வழியில் பிழைத்திருக்க முடியாது. அந்த வித்தை அறிந்த ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம்தான் நான் "உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

குகை வாயிலில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது, முந்திய இரவு அப்பா சொன்னதையும் நான் சொன்னதையும் நண்பரிடம் ஒப்புக்கொண்டேன். "நீ விழுந்தது என்னாலதான். மன்னிச்சிரு" என்றேன். அவருடைய தந்தையும் தெருவில் பாரம் கொண்டு பிழைத்தவர், இப்போது இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் மழையையே பார்த்தார்.

"கை ஆறிரும்ல. என்கிட்ட எதுக்குக் கேக்க? போய் உங்க அப்பாகிட்ட கேளு. கேக்கதுக்கு உனக்கு அப்பா இருக்காரு" என்றார்.

நான்காம் நாள் அவரும் மாட்டுங்கா நண்பரும் அரசுப் பேருந்தில் கல்யாண் திரும்பினர். நானும் செம்பூர் நண்பரும் மூட்டைகளை அவிழ்த்து, கனமானவற்றை இரு பக்கமும் கீழே தொங்கவிட்டு, கயிற்றைக் குறுக்காக இறுக்கி, வண்டியை உலுக்கிப் பார்த்தோம். மூட்டையும் வண்டியும் சேர்ந்து ஆடின. அதே வளைவில் அதே காற்று அறைந்தது, வண்டி அசையவில்லை. மெதுவாகவே இறங்கினோம்.

இரவு வெகு நேரம் கழித்து வீடு சேர்ந்தேன். அப்பா விழித்திருந்தார். என்னைப் பார்க்குமுன் சைக்கிளைப் பார்த்தார். குனிந்து கயிற்றைத் தொட்டார்.

"இது யாரு கட்டினா?"

"நான்தாம்ப்பா. நீங்க சொன்ன மாதிரி."

நடந்ததனைத்தையும் சொன்னேன், சைக்கிளின் உண்மை விலையையும் சொன்னேன். விலையைக் கேட்டு அவர் கோபிக்கவில்லை. நண்பரின் கையைப் பற்றியே மூன்று முறை கேட்டார். பிறகு தேங்காயெண்ணெய்க் கிண்ணமும் கந்தைத் துணியும் எடுத்துவந்து சங்கிலியைத் துடைக்க உட்கார்ந்தார். "மழையில போன வண்டியைத் தொடைக்காமப் படுக்கப்படாது" என்றார். நானும் அருகில் உட்கார்ந்தேன். துடைத்துக்கொண்டே, "அங்க சாரல் எப்படி? நம்ம குத்தாலம் மாதிரி இருக்குமோ?" என்று கேட்டார்.

அப்போதுதான் என் நெஞ்சில் உறைத்தது. இந்நகருக்கு வந்து இத்தனை ஆண்டுகளில் அவர் அந்த மலையை ஒருமுறையும் பார்த்ததில்லை. அவருடைய சைக்கிள் சயானைத் தாண்டிப் போனதே இல்லை. மறு வாரமே அவரைப் பேருந்தில் மால்சேஜுக்கு அழைத்துச் சென்றேன். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, முகத்தில் சாரல் படும்படி வெகு நேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை. குடையை விரித்தபோது மடக்கச் சொன்னார்.

அன்பர்களே, நம் பிள்ளைகளும் இத்தகைய பிரயாணங்களை விரும்பிச் செல்லட்டும். ஆனால் மழைக்காலத்தில் மண்சரிவு நேர்வதுண்டு. அருவிகளுக்கருகே செல்ல அதிகாரிகள் தடை விதிப்பதும் உண்டு. விசாரித்து, அவர்கள் சொற்படியே நடக்க வேண்டும். பிரேக்கை முன்னதாகவே மெல்லப் பிடித்துப் பழக வேண்டும். கூட வருபவர் "நில்" என்றால் நிற்க வேண்டும். புறப்படுமுன், வீட்டிலுள்ள பெரியவரிடம் மூட்டையை ஒருமுறை காட்டிவிடுங்கள். பாரம் சுமந்து நம்மை ஆளாக்கியவர்களுக்குப் பாரம் கட்டத் தெரியும்.