காப்பார் சாலையில் ஒரு கணக்கு

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையின் பெயரை, நெரிசல் செய்தியில்தான் நான் அதிகம் உச்சரித்திருப்பேன். நிதானமாக ஓட்டிப் பாருங்கள். கடல் பக்கம் காப்பார் மின் நிலையத்தின் புகைப்போக்கிகள், ஜெராமின் மீன் உணவகங்கள். மறுபக்கம் செம்பனைத் தோட்டங்கள். இடையிடையே, தகரக் கூரையின் கீழ் பழைய இஞ்சின்களை அடுக்கி வைத்திருக்கும் பட்டறைகள்.

‘ஹாஃப் கட்’ என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜப்பானில் ஓடிய காரின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்வார்கள். அந்த இஞ்சின் இங்குள்ள பழைய கார்களுக்குப் பொருந்தும். 1993இல் வந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சரின் வழிவந்தது. அதனால்தான் 2009இல் உற்பத்தி நின்ற பிறகும் அதற்கு மாற்று இஞ்சின் கிடைக்கிறது.

அப்பாவின் வீரா கடந்த மாதம் ஜெராம் அருகே நின்றுவிட்டது. ரேடியேட்டர் தண்ணீர் கசிந்து, இஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. பட்டறைக்கார அண்ணன் எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே தே தாரிக் நிறம். எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது.

“ஹெட்ட கழட்டி மட்டம் பார்த்து, கேஸ்கெட் மாத்துனா 1,400 வெள்ளி. ஹாஃப் கட் போட்டா 3,000. இரும்புக்குப் போட்டா உங்க கைக்கு 1,000 வரும்மா.”

வேறு இஞ்சின் போட்டால் பரிசோதனைக்கு அனுப்பி, கிராண்டில் புதிய எண்ணைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும்; ரசீது முக்கியம் என்றும் சொன்னார்.

காரை விற்றால் 2,500 வெள்ளிகூட தேறாது. ஆனால் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் கிள்ளானில் டயாலிசிஸ். பேருந்து பெருஞ்சாலையோடு நின்றுவிடும். வீடோ தோட்டத்துக்குள் நான்கு கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கு வாடகைக் கார் எதுவும் உள்ளே வராது. புதுக் காருக்கு மாதம் 600 வெள்ளி, ஒன்பது ஆண்டுகள். 1,400 என்பது மூன்று மாதத் தவணைகூட இல்லை.

“இஞ்சின மாத்தலாம்மா, உடம்ப மாத்த முடியாது” என்றபடி அண்ணன் காரை உயர்த்தி அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டினார். துரு தின்ற இடம் பொத்தென்று ஒலிக்கும் என்றார். எங்கும் அப்படி ஒலிக்கவில்லை. கியர்பாக்சும் நன்றாக இருந்தது. இரண்டில் ஒன்று கெட்டிருந்தாலும் இரும்புக் கடைதான் என்று முடிவு செய்திருந்தேன்.

ரேடியேட்டர், குழாய்கள், தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்த்து 1,900 வெள்ளி ஆனது. கொதித்ததற்கான காரணத்தை விட்டுவிட்டு கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் அதுவும் மறுபடி போகும்.

இன்னொரு முறை கொதித்தால் விற்றுவிடுவது என்று அப்பாவிடம் பேசி வைத்திருக்கிறேன். தலையாட்டினார். அதே மூச்சில், தீபாவளிக்குள் நான்கு டயரையும் மாற்றிவிட வேண்டும் என்றார்.