விதை தராத பூக்கள்

மார்ச் பிறந்தால் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் சகுரா பூத்துவிட்டதா என்றுதான் விசாரிக்கிறார்கள். டோக்கியோவில் அதைச் சொல்ல ஒரு கணக்கு உண்டு. யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கும் குறிப்பிட்ட ஒரு மரத்தில் ஐந்தாறு பூக்கள் மலர்ந்ததும் வானிலைத் துறையினர் அறிவித்துவிடுவார்கள்.

அது சோமேய் யோஷினோ என்ற வகை. எடோ காலத்தின் பிற்பகுதியில், இன்றைய கொமாகொமே பக்கம் இருந்த சோமேய் கிராமத்து நாற்றுக்காரர்கள் பரப்பியது. தன் வகையோடு சேர்ந்து இது விதை பிடிக்காது. வேறு வகைச் சகுராவோடு சேர்ந்து விதை பிடித்தாலும், முளைப்பது சோமேய் யோஷினோவாக இருக்காது. அதனால் ஒட்டுக்கட்டியே பெருக்கினார்கள். ஆற்றங்கரை நெடுக அத்தனை மரங்களும் சேர்ந்தே பூத்துச் சேர்ந்தே உதிர்வது அவை ஒரே மரத்தின் பிரதிகள் என்பதால்தான்.

ஆனால் இத்தனை வருட ஜப்பான் வாழ்க்கையில் என் மனதுக்கு நெருக்கமானவை செப்டம்பர் கடைசியில் வரும் பூக்கள். பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டிய ஏழு நாட்களை ஹிகன் என்பார்கள். குடும்பத்தோடு முன்னோர் கல்லறைகளுக்குப் போகும் வாரம். சரியாக அப்போது வயல் வரப்புகளில் ஹிகன்பானா எழும்பும். இலையே இல்லாத பச்சைத் தண்டு, உச்சியில் செக்கச்சிவந்த பூ. இலை பூவுக்குப் பிறகுதான் வரும்; குளிர்காலம் முழுக்க வெயில் குடித்துக் கிழங்கை வளர்த்துவிட்டு, கோடைக்குள் காய்ந்துவிடும். கிழங்கு நஞ்சு. வரப்பைத் துளைக்கும் எலிகளை விரட்டவே உழவர்கள் அதை அங்கே நட்டார்கள். பஞ்ச காலத்தில் அதே கிழங்கைத் திரும்பத் திரும்ப நீரில் அலசி, நஞ்சை நீக்கி உண்டிருக்கிறார்கள். இதுவும் விதை தராது. பரவியிருப்பதெல்லாம் கையால் நட்டதும், கிழங்கு பிரிந்து பெருகியதும், வெள்ளம் அடித்துப்போனதும்தான்.

அடுத்துக் கின்மொகுசெய். ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியான பூக்கள். மரம் கண்ணில் படுமுன் தெருமுனையிலேயே மணம் வந்துவிடும். சீனாவிலிருந்து வந்த இந்த மரத்தில் ஜப்பானில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே ஆண் மரங்கள். நாம் முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவதுபோல, கிளையை வெட்டி நட்டே வேலிதோறும் பரப்பியிருக்கிறார்கள்.

ஜப்பானியர் இயற்கையை ரசிப்பவர்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ரசனையைவிட உழைப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்த மூன்றும் தலைமுறை தலைமுறையாக யாரோ ஒட்டுக்கட்டி, பதியம் போட்டு, களை எடுத்ததால் நிலைத்தவை. எங்கள் பக்கத்து வரப்பில் ஆகஸ்ட் முடியும்போது ஒரு பாட்டி குனிந்து புல் அறுக்கிறார். தண்டு எழும்புமுன் அறுத்தாக வேண்டும். இலை இருக்கும் குளிர்காலத்தில் அரிவாளை வைக்கவே மாட்டார். அவருக்குப் பின் அதைச் செய்ய ஆள் இல்லை. உழுவார் இல்லாமல் வயல்கள் தரிசாகும் கிராமங்களில் வரப்புப் பூவும் புதருக்குள் மறைந்துபோகிறது.

சைத்தாமா மாநிலத்தின் ஹிதாகாவில் கொமா ஆறு வளையும் இடத்தில் கிஞ்சாகுதா என்ற நிலம் இருக்கிறது. அந்த நிலத்தை உள்ளூராட்சி வாங்கிப் புதரை வெட்டிய பிறகே ஹிகன்பானா கூட்டமாகப் பூப்பது தெரியவந்தது; இன்று சுமார் 50 லட்சம் பூக்கள் என்கிறார்கள். ஜப்பான் வருவதாக இருந்தால் ஏப்ரலுக்கு மட்டும் டிக்கெட் தேடாதீர்கள். செப்டம்பர் கடைசியில் வாருங்கள். டோக்கியோவின் இகெபுகுரோவிலிருந்து செய்பு ரயிலில் கொமா நிலையத்தில் இறங்கினால், நடந்தே போய்விடலாம்.