துணைக்குத் தேவை தும்பிக்கை

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பத்மநாபசுவாமி கோயிலுக்கு முதுகைக் காட்டி நடந்தால் சாலை கடைத்தெரு. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சந்தை. மளிகை, பித்தளை, பூ, வாழைக்குலை எல்லாம் கிடைக்கும் இந்த நெரிசலில் தமிழும் தாராளமாகக் காதில் விழும். இங்கே கடை நடத்திக்கொண்டே இந்தத் தெருவைத் தமிழ்க் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். 2021-ல் காலமானார். அவர் கதைகளில் நடமாடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது. கல்யாணம் என்றால் பத்திரிகை அடிக்க வேண்டும்.

இந்த ஊர்த் தமிழ்க் குடும்பம் பத்திரிகை அடிப்பதில் உள்ள சிக்கல் மதுரைக்காரருக்குச் சட்டென்று புரியாது. கரமனையிலோ வலியசாலை அக்கிரகாரத்திலோ இருப்பவரின் பெரியப்பா தமிழ் படிப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு மலையாளம். பெங்களூரில் வளர்ந்த பேரன் ஆங்கிலம் தவிர வேறெதையும் எழுத்துக் கூட்டக்கூட மாட்டான். ஆக, ஒரே அட்டையில் மூன்று லிபி.

தேதியிலும் வம்பு உண்டு. தமிழருக்கு ஆவணி, மலையாளிக்குச் சிங்ஙம். இரண்டும் ஒரே சூரிய மாதம்தான். ஆனால் சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி வந்துவிட்டால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ்க் கணக்கு. மலையாளக் கணக்கோ மதியம் ஒன்றேகால் மணிவாக்கிலேயே எல்லை கட்டிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே சங்கராந்தி விழுந்தால் மாதம் முழுக்க ஒரு நாள் வித்தியாசம் ஓடும். 'ஆவணி 10, சிங்ஙம் 9' என்று அச்சாகியிருந்தால் அது பிழையல்ல. விவரம் தெரியாத புரூஃப் ரீடர் அதைத் திருத்திவைத்தால்தான் பிழை.

வழக்கமான வழி எல்லோருக்கும் தெரிந்தது. சிவகாசி அட்டைகள் ஒட்டிய கனத்த ஆல்பம் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துப்போடுவார். பிள்ளையாரும் மாவிலையும் ஏற்கெனவே அச்சாகி வந்திருக்கும். எண்ணைச் சொன்னால் உள்ளூர் அச்சகம் பெயரையும் முகூர்த்தத்தையும் நடுவில் அடித்துத் தரும். ஒரு காலத்தில் இந்த வேலையை டிரெடில் செய்தது. காலால் மிதித்து, கையால் தாளைக் கொடுத்து, கையாலேயே எடுக்கும் இயந்திரம். பிறகு ஆஃப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. டிரெடில் பழைய இரும்பாகவும், ஈய எழுத்து கிலோக் கணக்கிலும் போயின. இப்போது பத்திரிகையே வாட்ஸ்அப்பில் போகிறது.

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அழைப்பிதழ் வடிவமைப்பவர்கள் பழைய லெட்டர்பிரஸ் இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். அந்த மோகம் நம் பெருநகரங்களுக்கும் வந்திருக்கிறது. கனத்த பருத்தித் தாளில் எழுத்து குழி விழுந்து பதிய வேண்டும், விரலால் தடவினால் தெரிய வேண்டும். அதற்குத்தான் விலை.

பழைய அச்சுக் கோப்பவர் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, எழுத்து தட்டுப்பட்டால் மெஷின்மேனைத் திட்டிய தலைமுறை அது. அழுத்தம் கூடினால் ஈயம் நசுங்கும், எழுத்து தேயும், முதலாளிக்கு நஷ்டம். அன்றைய குற்றம்தான் இன்றைய அலங்காரம். நசுங்குவதற்கு இப்போது ஈயம் இல்லை என்பதும் ஒரு காரணம். கம்ப்யூட்டரில் வடிவமைத்து, பிலிம் எடுத்து, ஃபோட்டோபாலிமர் என்ற பிளாஸ்டிக் பிளேட்டில் புற ஊதா ஒளி காட்டித் தண்ணீரில் கழுவினால் எழுத்து மேடாக நிற்கும். அதை டிரெடிலில் மாட்டி அடிக்கலாம்.

திருவனந்தபுரத்தில் இப்படி ஒரு சிறு கூடம் வைத்துப் பிழைக்க முடியுமா? வம்சாவளிக்குக் குறைவில்லை. இங்கிருந்து வடக்கே 65 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொல்லத்தில்தான் 1578 அக்டோபர் 20-ல் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல், அதுவும் தமிழில். 1577-ல் கோவாவில் வார்த்த எழுத்தையும் 1578-ல் கொல்லத்தில் வார்த்த எழுத்தையும் கடைசிப் பக்கத்தில் மாதிரி காட்டியிருந்தார்கள். இன்று அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலேயே சுவாதித் திருநாள் காலத்தில் அரசு அச்சகம் ஏற்பட்டது. தலைமைச் செயலகத்துக்கு அருகில் ஒரு தெருவுக்கே பிரஸ் ரோடு என்று பெயர்.

ஆனால் பெருமை வாடகை கொடுக்காது. முதல் எதிரி மழை. கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், கல்யாணம் கிடையாது. சிங்ஙம் பிறந்ததும் கொட்டு மேளம்தான். 2024 செப்டம்பர் 8-ல் குருவாயூரில் மட்டும் ஒரே நாளில் 300-க்கு மேற்பட்ட கல்யாணங்கள். சிங்ஙத்துக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டியது எப்போது? கொட்டுகிற கர்க்கடக மழையில். பருத்தித் தாள் ஈரத்தைக் குடிக்கும், மை உலர மறுக்கும், நீரில் கழுவி எடுத்த பாலிமர் பிளேட் காற்றின் ஈரத்திலேயே உப்பிச் சுருளும். பிளேட்டைக் காற்றுப் புகாத பையில் வைத்து, தாளை இரண்டு நாள் முன்பே கூடத்தில் பழக்கி, அடித்ததை அடுக்காமல் பரப்பி உலர்த்த இடமும் வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் இந்த ஊரை விட்டுவைப்பதில்லை.

வேகமும் கிடையாது. ஒரு நிறத்துக்கு ஒரு முறை என்று தாளைக் கொடுத்து எடுக்க வேண்டும். அட்டைக்கு இரண்டு நிறம், உள்தாளுக்கு ஒன்று, உறைக்கு ஒன்று என்றால் 300 பத்திரிகைக்கு 1,200 முறை. ஆயிரம் பேரைக் கூப்பிடும் கேரளக் கல்யாணத்துக்கு இது சரிப்படாது. ஊருக்கு வாட்ஸ்அப், பெரியவர்களுக்கு நேரில் வைக்க நூறு அட்டை என்கிறவர்தான் வாடிக்கையாளர். மூலையில் மஞ்சள் தடவினால் வழுவழுப்பான அட்டையில் உதிர்ந்துவிடும், பருத்தித் தாளில் ஊறி நிற்கும். விற்பனைக்கு இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த ஊரில் இந்தத் தொழிலுக்கு உண்மையான நியாயம் மஞ்சளில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. டைப்ரைட்டருக்கும் அச்சுக்கும் அடங்க வேண்டும் என்று 1971-ல் கேரள அரசு மலையாள லிபியை வெட்டிச் சுருக்கியது. நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகள் பிரிக்கப்பட்டன. உகரம் எழுத்தோடு சேர்ந்த வாலாக இருந்தது போய், பக்கத்தில் தனியே நின்றது. ஊரின் பெயரையே பாருங்கள்: திருவனந்தபுரத்தின் 'ரு'வும் 'பு'வும் சீர்திருத்தத்தில் உடைந்தவை. 1999-ல் ஆர். சித்ரஜகுமார், கே.எச். ஹுசைன் முதலானோர் 'ரசனா' என்ற இயக்கம் கண்டு, கம்ப்யூட்டருக்கு அந்தப் பஞ்சம் கிடையாது என்று காட்டி, பழைய லிபி முழுவதையும் எழுத்துருவாக்கினார்கள்.

நமக்கும் இந்தக் கதை உண்டு. பெரியார் 1935-லேயே 'குடி அரசு'வில் புழங்கவிட்ட சீர்திருத்தத்தை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றபோது 13 எழுத்துகள் உருமாறின. அதில் ஒன்று ணை. முன்பு ஐகாரம் தும்பிக்கை போல மேலே வளைந்து எழுத்தின் தலையில் ஏறும். பத்திரிகையின் உச்சியில் 'துணை' என்று போடுகிறோமே, அந்தத் தும்பிக்கையோடு பார்த்துப் பழகிய தாத்தாக்களுக்கு இன்றைய 'துணை' கொஞ்சம் மொட்டையாகத்தான் தெரியும். சீர்திருத்தம் படிப்பவருக்கு நன்மை செய்தது, அதை மறுக்க மாட்டேன். பள்ளிப் புத்தகத்துக்குத் தும்பிக்கை வேண்டாம். தலைமுறைக்கு ஒரு முறை அடிக்கிற நூறு அட்டைக்கு வேண்டும். பாலிமர் பிளேட்டுக்கு அதை வரைந்து கொடுத்தால் போதும், தனி அச்சு வார்க்க வேண்டியதில்லை. அச்சு இயந்திரத்தின் வசதிக்காக வெளியேற்றிய எழுத்து அதே இயந்திரம் வழியாகத் திரும்பி வரலாம்.

இதை எங்கே போய்ச் சொல்வது? புத்தன்சந்தையில் எஸ்.எம்.எஸ்.எம். இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் அறுபதாம் ஆண்டு நிறைவின் பெயரைத் தாங்கிய கைவினை நிலையம். ஈட்டி மர யானையும் தாழம்பாயும் வாங்க வருபவர்கள் அங்கே அதிகம். கோவளம் போகும் வழியில், வெள்ளாரில், 2021-ல் புதுப்பித்துத் திறந்த கைவினைக் கிராமத்தில் தறியையும் மண்பாண்டத்தையும் கண்ணெதிரே பார்க்கலாம். ஓணத்தின்போது கனகக்குன்னு மைதானத்தில் ஊரே கூடுகிறது. வடக்கே, கோழிக்கோடு மாவட்டத்து இரிங்ஙலில் சர்காலயாவின் கைவினை விழா டிசம்பர் கடைசியில் தொடங்குகிறது.

ஆனால் கண்காட்சியில் யாரும் கல்யாணப் பத்திரிகை வாங்குவதில்லை. வாங்குவது புத்தக அடையாள அட்டை, சின்ன நோட்டு, வாழ்த்து அட்டை. ஸ்டால் வாடகையை அதில் எடுத்தால் பாக்கியம். ஆர்டர் ஆறு மாதம் கழித்து, பெண்ணுக்கு வரன் அமைந்த பிறகு, பர்ஸில் மடித்து வைத்த அடையாள அட்டையிலிருந்துதான் வரும். அதனால் ஒரு சின்னக் கை இயந்திரத்தையாவது கூடவே தூக்கிக்கொண்டு போவது நல்லது. வருகிறவரையே நெம்புகோலை இழுக்கச் சொல்லி, ஒரே சொல்லை அடித்துக் கையில் கொடுக்கலாம். மலையாளிக்குப் பழைய 'ரு'வோடு ஊர்ப் பெயர். கரமனை மாமிக்குத் தும்பிக்கையோடு 'துணை'.