இது யாருடைய ரத்தம்?

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் பெங்களூரு பிரேசர் டவுனில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் தரையைப் பார்த்தே ஓட்டுவார்கள். மெக்கானிக் கடை வாசலிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் உடைந்த பூசணிக்காய்கள் கிடக்கும். உள்ளே திணித்த குங்குமம் காயின் நீரில் கரைந்து தார்ச் சாலையில் ஓடியிருக்கும். பலிக்குப் பதில் பூசணி, ரத்தத்துக்குப் பதில் குங்குமம். அது ரத்தம் மாதிரியே இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சிவப்பாக இருந்தால் போதும்.

சிவப்பு மட்டும் போதாது என்று சொல்லும் ஒரு பெண்மணி இதே வட்டாரத்தில் இருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. பத்தொன்பது ஆண்டுகள் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு, முதுகுவலி காரணமாக விலகியவர். பி.யு.சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனுக்கும் அவருக்கும் கடந்த ஒரு வருடமாக ஒரு தகராறு. தகராறின் பொருள் ரத்தம். நிஜ ரத்தமல்ல, பெயின்ட்.

மகனின் பொழுதுபோக்கு மேஜைமேல் ஆடும் போர் விளையாட்டு. கட்டைவிரலின் பாதி உயரமே உள்ள பிளாஸ்டிக் வீரர்களை வாங்கி, ஒட்டி, தாங்களே வண்ணம் தீட்டி, அளவுகோலும் பகடையும் வைத்து ஆடுவார்கள். இந்த ஆட்டத்துக்கு முன்னோடி எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கான விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக 1913-ல் வெளியிட்டார். நிஜப் போருக்கு இந்தக் குட்டிப் போர் எவ்வளவோ மேல் என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. 1975-ல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம், 1983-ல் 'வார்ஹாமர்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் பையன்கள் தூரிகையும் கையுமாக உட்கார்ந்திருப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

பெங்களூருக்கும் பொம்மைச் சிப்பாய்களுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1896-ல் குதிரைப்படை இளம் அதிகாரியாக இங்கே கன்டோன்மென்ட்டில் வந்து இறங்கிய வின்ஸ்டன் சர்ச்சில், சிறுவயதில் ஏறத்தாழ 1,500 பொம்மை வீரர்களை வைத்திருந்தவர். அந்த அணிவகுப்பைப் பார்த்துத்தான் அவரைப் படையில் சேர்க்கலாம் என்று தந்தை முடிவு செய்தார். அந்தக் காலத்துப் பொம்மைகளின் சட்டையில் ஒரு கறைகூடக் கிடையாது. சுட்டால் விழும், எடுத்து வைத்தால் நிற்கும். ரத்தம் பின்னால் வந்த மோகம்.

அந்த மோகம் மகனையும் பிடித்தது. முதல் படையை அவன் தீட்டி முடித்தபோது இருபது வீரர்களும் ஹோலி ஆடியவர்கள் போல இருந்தார்கள். அம்மா ஒருவனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் ரத்தம்டா?"

"எதிரியோடதும்மா."

"எதிரி முன்னால நின்னானா, பின்னால நின்னானா? வாள்ல இருக்கு, சரி. இவன் முதுகுல எப்படி வந்துச்சு?"

பையனிடம் பதில் இல்லை. "சும்மா எஃபெக்ட்டுக்கும்மா" என்றான். அம்மா பொம்மையை வைத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் பையன் தானே கேட்டான். அன்று தொடங்கியது பாடம். முதல் பாடம் நிறம். நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வரும் தமனி ரத்தம்தான் பளீர் சிவப்பு. சிரையில் திரும்பும் ரத்தம் கருஞ்சிவப்பு. வெளியே வந்து காயக் காய, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு காற்றுப் பட்டு மாறுவதால், அது பழுப்பாகிவிடும். ஆகவே சிவப்பு பெயின்ட்டை அப்படியே பூசினால் அது தக்காளி சாஸ். ஒளி ஊடுருவும் 'க்ளியர் ரெட்' பெயின்ட்டில் துளி பழுப்போ கறுப்போ கலக்க வேண்டும். புதுக்காயம் என்றால் ஈரமாக மின்ன வேண்டும். நேற்றைய காயம் என்றால் மினுமினுப்பே கூடாது. பொம்மை முழுவதற்கும் பளபளப்பை அடக்கும் வார்னிஷ் அடித்து முடித்த பிறகுதான் புது ரத்தத்தைத் தொட வேண்டும். முன்பே தீட்டினால் அந்த வார்னிஷ் ஈரத்தைக் கொன்றுவிடும். கடைசி விஷயம் பையனுக்கு ஏற்கெனவே தெரியும். மற்றவை அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தன.

இரண்டாம் பாடம் அளவு. பழைய டூத் பிரஷ்ஷை பெயின்ட்டில் தோய்த்து, விரலால் நிமிண்டித் தெறிக்க விடுவது இந்தக் கலையில் வழக்கமான உத்தி. அம்மா கணக்குப் போடச் சொன்னார். 28 மில்லிமீட்டர் பொம்மை, ஏறத்தாழ ஐந்தே முக்கால் அடி மனிதனின் அறுபதில் ஒரு பங்கு. அப்படியானால் பொம்மையின் மார்பில் விழும் ஒரு மில்லிமீட்டர் புள்ளி, மனிதன் மார்பில் ஆறு சென்டிமீட்டர். அது சொட்டு அல்ல, சாத்துக்குடி.

சயன்ஸ் மாணவன் கணக்கை அதோடு விடவில்லை. வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். நீளம், அகலம், உயரம் மூன்றும் அறுபது மடங்கு சுருங்கினால் கொள்ளளவு 2,16,000 மடங்கு சுருங்கும். ஐந்து லிட்டரை அதால் வகுத்தால் வருவது 0.023 மில்லி. அந்த வீரனின் உடம்பில் இருக்கக்கூடிய மொத்த ரத்தமே கண் மருந்துச் சொட்டில் பாதி! ஒரு வாளில் மட்டும் அவன் பூசியிருந்தது இரண்டு சொட்டு. நான்கு பேரைக் கடைசித் துளி வரை பிழிந்தால்தான் அவ்வளவு தேறும்.

பையன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. அரைச்சொட்டு என்ற சொல் அவரை எங்கோ கொண்டுபோனது. ஒரு மழை இரவில், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவனை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள் என்று ஆரம்பித்தார். மகன் வயதுதான் இருக்கும். உடம்பின் வெளியே காயமே தெரியவில்லை. சட்டையில் ஒரு கறைகூட இல்லை. வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. "அதிகமா ரத்தம் தெரியறவன் பெரும்பாலும் பிழைச்சிடுவான்டா. தெரியாதவனைத்தான் நாங்க பயந்து பார்ப்போம்" என்றார். பத்தொன்பது ஆண்டுகளில் மருத்துவமனையைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. அதுவரை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் யாரையும் தொடுவார். குளித்தபிறகு அது பற்றிப் பேச்சு இல்லை.

போலி ரத்தத்தைக் கண்டு மனிதர்கள் நிஜமாகவே கலங்கும் இடங்கள் உண்டு. வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில், படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்துவார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்க, அங்கே வைத்திருக்கும் செந்நிறக் குழம்பை எடுத்துப் பூசி திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். கூட்டத்தில் அழுபவர்கள் உண்டு, அருள் வந்து ஆடுபவர்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் கிரிகோரியோ பெர்னாண்டஸ் என்ற சிற்பி, இறந்த இயேசுவை மரத்தில் செதுக்கி, உறைந்த ரத்தத்துக்குத் தக்கைமரப் பட்டையை ஒட்டினார். அதன் முன் மக்கள் மண்டியிட்டார்கள். மண் துரியோதனன் நிஜ மனிதனைப் போல இருப்பதில்லை. மர இயேசு அச்சு அசலாக இருக்கிறார். இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான். அந்த ரத்தம் யாருடையது, எதற்காகச் சிந்தியது என்பது பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அம்மா கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது.

பையனின் படையில் இப்போது ரத்தம் குறைந்துவிட்டது. ஒருவனுக்கு வாளின் நுனியில் மட்டும் ஒரு கீற்று. இன்னொருவன் முழங்கையில் பழுப்புத் துணிக்கட்டு, நடுவில் சற்றே கருஞ்சிவப்பு. வார விடுமுறையில் ஆட வரும் நண்பர்கள் "என்னடா, சைவப் படையா?" என்று கிண்டல் செய்கிறார்கள். ஆனால் துணிக்கட்டு வீரனைத்தான் எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். இவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள்.

சென்ற மாதம் பையனுக்குப் பதினெட்டு முடிந்தது. ரத்த தானம் செய்யச் சட்டம் அனுமதிக்கும் வயது. கல்லூரி முகாமில் படுத்து 350 மில்லி கொடுத்தான். பையில் சேர்ந்த ரத்தம் அவன் எதிர்பார்த்ததைவிடக் கறுப்பாக இருந்தது. சிரை ரத்தம்தான், பாடம் சரியாகவே இருந்தது. கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக வீட்டுக்கு வந்தவனுக்கு அம்மா ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்தார்.

"அது யாருக்கும்மா போகும்?"

"தெரியாதுடா. கொடுத்தவனுக்குச் சொல்ல மாட்டாங்க."

"உனக்குத் தெரியுமா, நீ ஏத்தினதெல்லாம் யாருடையதுன்னு?"

அம்மா சற்று யோசித்தார். பையில் ஒரு எண் இருக்கும், குரூப் இருக்கும், தேதி இருக்கும் என்றார். பெயர் இருக்காது.